இழுத்தால் வராத இழுப்பறை

 

இன்று நான் ஒரு இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். பட்டறையில் ஸ்பேனர், சுத்தியல், கொறடு எல்லாம் வைக்கும் பெட்டி அது. மேசையில் இருப்பது போல அதில் இழுப்பறைகள் இருக்கும். டிராயர் என்றும் சொல்கிறோம். நம் திருவனந்தபுரத்து மலையாளிகள் அதை 'வலிப்பு' என்பார்கள். வலித்தால், அதாவது இழுத்தால், வரும். அதனால் அந்தப் பெயர்.

எங்கள் வீட்டுப் பெட்டி வலித்தும் வரவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். பழைய இரும்பு மேசை இருக்கலாம். பீரோ இருக்கலாம். நான் சொல்வது எல்லாவற்றுக்கும் உதவும்.

பெரியப்பாவின் பெட்டி

என் பெரியப்பா கரமனையில் சிறிய பட்டறை வைத்திருந்தார். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ எல்லாம் பழுது பார்ப்பார். அவரிடம் ஆறு இழுப்பறை உள்ள ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஆக்ரி கடையில் பழையதாக வாங்கியது. என் வயதைவிட அதன் வயது அதிகம்.

பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு இழுப்பறையிலும் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். சிவப்புப் பொட்டு என்றால் ஸ்பேனர். பச்சைப் பொட்டு என்றால் ஸ்க்ரூ டிரைவர். மஞ்சள் என்றால் நட்டும் போல்ட்டும். ஆறாவது இழுப்பறையில் வெள்ளைப் பொட்டு. அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் பெரியப்பா இறந்துவிட்டார். பட்டறையை மூடினோம். பெட்டியைப் பின்பக்கத் திண்ணையில் வைத்தோம். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது. நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி. அக்டோபரில் துலாவர்ஷம். ஆக, நான்கு மழைக்காலம் அந்தப் பெட்டி மீது போனது.

பிறகு பெரியப்பாவின் மகன், என் அண்ணன், மறுபடியும் பட்டறை தொடங்க நினைத்தார். கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கையில் வேறு பணம் இல்லை. பெட்டியைத் திறக்கப் போனால் ஒரு இழுப்பறை கூட வரவில்லை.

கருவி இல்லாமல் பட்டறை உண்டா? புதிதாக வாங்கப் பணம் வேண்டும். பெரியம்மா தன் கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்தார். "அடகு வைத்துவிடலாமா?" என்றார்.

கடப்பாரை வந்தது

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கடப்பாரையோடு வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். மேல் இழுப்பறையின் இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினார். தகடு வளைந்தது. பெயிண்ட் உதிர்ந்தது. கைப்பிடி கழன்று வந்தது. இழுப்பறை வரவில்லை.

"இது ஆக்ரிக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக்ரிக்காரரும் வந்து பார்த்தார். கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெரியம்மா, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.

அன்று மாலை எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். நான் மெக்கானிக் அல்ல. அவர் பேருந்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியை இழுக்கவே இல்லை. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, ஒரு இழுப்பறை வரவில்லை என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. எது பிடித்திருக்கிறது என்று முதலில் பார். பிறகு இழு."

பிடிப்பது எது? அவர் நான்கு காரணம் சொன்னார். பூட்டு ஒன்று. உள்ளே மாட்டிய பொருள் ஒன்று. வளைவு ஒன்று. துரு ஒன்று. எங்கள் பெட்டியில் நான்கும் இருந்தன!

முதல் காரணம்: பூட்டு

அண்ணாச்சி பெட்டியின் மேல் மூடியைத் தூக்கினார். நாங்கள் யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூடியின் பூட்டு திறந்துதான் இருந்தது. அது போதும் என்று நினைத்தோம்.

பழைய பெட்டிகள் பலவற்றில் பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டை நிற்கும். மேல் மூடியை மூடினால், மூடி அந்தப் பட்டையைக் கீழே அழுத்தும். பட்டையில் உள்ள கொக்கிகள் எல்லா இழுப்பறைகளையும் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். மூடியைத் தூக்கினால் ஒரு ஸ்பிரிங் பட்டையை மேலே தள்ளும். கொக்கி விடும். ஒரே மூடி ஆறு இழுப்பறைக்கும் பூட்டு!

பெரியப்பாவுக்கு இது தெரியும். எங்களுக்குத் தெரியாது. மூடிய பூட்டோடுதான் கடப்பாரை மல்லுக்கட்டியது.

மூடியைத் தூக்கிய பிறகும் எங்கள் பெட்டி திறக்கவில்லை. பட்டை துருப்பிடித்துக் கீழேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி அதன் மேல் சில சொட்டு எண்ணெய் விட்டார். அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு இழுப்பறைகளை வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளச் சொன்னார். ஏன் தெரியுமா? இழுக்க இழுக்கக் கொக்கி இறுகும். உள்ளே தள்ளினால் கொக்கி தளரும். நான் தள்ளினேன். அவர் பட்டையை மேலே தூக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இழுப்பறைகள் வெண்ணெய் போல வந்தன.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் காரணம்: உள்ளே மாட்டிய பொருள்

ஐந்தாவது இழுப்பறை ஒரு விரல் அளவு வந்தது. பிறகு இடித்து நின்றது. இப்படிச் சிறிது வந்து நின்றால் உள்ளே ஏதோ ஒரு கருவி நிமிர்ந்து நிற்கிறது என்று பொருள். மேலும் இழுத்தால் அது இன்னும் இறுகும்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் இழுப்பறையை உள்ளே தள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள இழுப்பறையைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். எங்கள் பெட்டியில் ஒரு பெரிய ஸ்பேனரின் வால் தூக்கிக்கொண்டு நின்றது. மேலிருந்து கைவிட்டு அதைப் படுக்க வைத்தோம். இழுப்பறை வந்துவிட்டது. சில பெட்டிகளில் நடுவே தகடு இருக்கும். மேலிருந்து கை போகாது. அப்போது முன் இடுக்கு வழியாக ஒரு ஸ்டீல் ஸ்கேலை விட்டு அழுத்திப் பார்க்கலாம்.

இழுப்பறையை முழுவதும் கழற்றுவது எப்படி? அது கீழே விழாமல் இருக்கப் பக்கத்துச் சட்டத்தில் ஒரு சிறிய நாக்கு இருக்கும். இருபுறமும் இருக்கும். அதை அழுத்தினால் அல்லது தூக்கினால் இழுப்பறை விடும். புதிய பெட்டிகளில் பிளாஸ்டிக் நாக்கு. பழையதில் இரும்பு நாக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கருவிகளை எடுத்த பிறகே இழுப்பறையைக் கழற்றுங்கள். இரும்பு நிறைந்த இழுப்பறை காலில் விழுந்தால் எலும்பு முறியும். எல்லா இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்து வைக்காதீர்கள். எடை முழுவதும் முன்னால் வரும். பெட்டி உங்கள் மீதே கவிழும். பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

மூன்றாம் காரணம்: வளைவு

மேல் இழுப்பறை எங்கள் அவசரத்தால் வளைந்தது. இழுத்தால் ஒரு பக்கம் முன்னே வந்தது. மறுபக்கம் பின்தங்கியது. இப்படிக் கோணலாக வந்தால் சட்டமோ தகடோ வளைந்திருக்கிறது. கோணலாக வரும்போது இழுக்காதீர்கள். உள்ளே தள்ளி நேராக்குங்கள். இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். வளைந்த தகட்டின் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து, முன்னால் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள்.

எங்கள் இழுப்பறை வந்தது. ஆனால் இன்றும் அது சரியாக மூடுவதில்லை. அது எங்கள் அவசரத்தின் தழும்பு.

நான்காம் காரணம்: துரு

வெள்ளைப் பொட்டு வைத்த ஆறாவது இழுப்பறை அசையவே இல்லை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைப் பிடித்திருந்தது துரு.

இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு அதை விரைவாக்கும். நம் ஊரில் சங்குமுகத்திலிருந்தும் வலியதுறையிலிருந்தும் உப்புக் காற்று வீசுகிறது. மழையும் அதிகம். துருவுக்கு இது நல்ல ஊர்! இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரும்பு துருவாகும்போது பருக்கும். இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் இடுக்கு அடைபட்டு இழுப்பறை இறுகுகிறது.

இதற்கு வேண்டியது பலம் அல்ல. எண்ணெயும் பொறுமையும்தான் வேண்டும்.

மற்ற இழுப்பறைகளை எல்லாம் எடுத்தோம். பெட்டி லேசானது. அதை முதுகுப்பக்கமாகப் படுக்க வைத்தோம். இப்போது முன்பக்க இடுக்கு மேல்நோக்கி இருந்தது. அதன் இருபுறமும் துரு இளக்கும் எண்ணெயை விட்டோம். எண்ணெய் சட்டத்தின் வழியே உள்ளே இறங்கியது. அப்படியே இரவு முழுவதும் விட்டோம். மறுநாளும் விட்டோம். மூன்றாம் நாளும் விட்டோம்.

துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரே டப்பாவில் கிடைக்கிறது. அதில் ஒன்றின் பெயர் டபிள்யூடி-40. இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் ஒரு சிறிய கம்பெனி ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து தேடியது. தண்ணீரை விரட்டும் மருந்து வேண்டும். 40-ஆவது முயற்சியில்தான் அது சரியாக வந்தது. அந்த 40 தான் பெயரில் இருக்கிறது. நம் ஊருக்கும் ராக்கெட் புதிது அல்ல. 1963 நவம்பர் 21 அன்று நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட்டுக்கும் பகை துருதான். பெரியப்பா பெட்டிக்கும் பகை துருதான். 40 முறை முயன்றவர்களை நினைத்தால், நாம் மூன்று இரவு காத்திருப்பது பெரிதா?

ஸ்பிரே வாங்க முடியாதவர்கள் மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து விடலாம். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று பெரியம்மா கேட்டார். வேண்டாம். அது நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். தூசியைச் சேர்க்கும்.

நான்காம் நாள் பெட்டியை நிமிர்த்தினோம். அண்ணாச்சி இழுப்பறையின் முகத்தில் ஒரு மரக்கட்டையை வைத்தார். மரச் சுத்தியலால் உள்நோக்கித் தட்டினார். இடது பக்கம் ஒரு தட்டு. வலது பக்கம் ஒரு தட்டு. உள்ளே தட்டினால் துரு விரிசல் விடும். பிறகு மேலே இருந்த காலி இடம் வழியாக ஒரு மரக்கம்பை விட்டார். இழுப்பறையின் பின்சுவரை முன்னால் தள்ளித் தட்டினார். கைப்பிடியை இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும். பின்னாலிருந்து தள்ளினால் இழுப்பறை வரும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? முதலில் ஒரு நூல் அளவு நகர்ந்தது. மறுபடி எண்ணெய். மறுபடி உள்ளே, வெளியே. அரை மணி நேரத்தில் இழுப்பறை முழுவதும் வந்துவிட்டது.

உள்ளே என்ன இருந்தது? மரை வெட்டும் டேப்-டை செட் இருந்தது. பேரிங் கழற்றும் புல்லர் இருந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இருந்தது. எல்லாம் விலை கூடிய கருவிகள். எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தவை தப்பின. சுற்றாமல் கிடந்த சில துருவில் போயின. அண்ணாச்சி சொன்னார்: "தினமும் திறக்கிற இழுப்பறை இறுகாது. எப்போதாவது திறக்கிறதுதான் இறுகும்."

பழைய திருகும் புதிய ஸ்பேனரும்

சட்டத்தின் திருகுகளைக் கழற்ற அண்ணன் 13 நம்பர் ஸ்பேனரை எடுத்தார். அண்ணாச்சி தடுத்தார். "இது மில்லிமீட்டர் அல்ல, இஞ்ச்" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இது. திருவிதாங்கூரில் அரசுப் பேருந்து 1938 பிப்ரவரி 20 அன்று ஓடத் தொடங்கியது. அதை நடத்த லண்டனிலிருந்து சால்டர் என்ற அதிகாரி வந்தார். 60 பேருந்துகளுக்கு என்ஜினும் அடிச்சட்டமும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. மேல்கூட்டை நம் தொழிலாளர்கள் இங்கேயே கட்டினார்கள். அந்தக் காலத்து நட்டும் போல்ட்டும் இஞ்ச் அளவில் இருந்தன. மெட்ரிக் அளவுக்கான சட்டம் இந்தியாவில் 1956-இல்தான் வந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல மில்லிமீட்டர் பழக்கத்துக்கு வந்தது. ஆகவே பழைய பெட்டியில் இஞ்ச் திருகு இருக்கும்.

அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் ஆடும். அழுத்தித் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்து எடுங்கள். நாம் எழுத்தும் எண்ணும் கற்றது இதற்கும்தான்.

உடம்பும் முக்கியம்

பெட்டி திறப்பது பெரிதா, நம் உடம்பு பெரிதா? இவற்றை மறக்காதீர்கள்.

எண்ணெய் விட்ட இடத்தில் பீடி, அடுப்பு, தீக்குச்சி எதுவும் கூடாது. தீயால் சூடு காட்டித் திறக்க நினைக்காதீர்கள். ஸ்பிரே டப்பாவில் தீப்படம் போட்டிருக்கும். அதன் கீழே உள்ள எழுத்தைப் படியுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. முகத்தை மூடிக்கொள்ளுங்கள். தேய்த்த கழிவை முற்றத்தில் கொட்டாதீர்கள்.

துருப்பிடித்த தகடு கையைக் கிழித்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். டெட்டனஸ் துருவால் வருவது அல்ல. மண்ணிலும் அழுக்கிலும் உள்ள கிருமியால் வருவது. அந்த அழுக்கு பழைய இரும்பில் இருக்கும்.

திறந்த பிறகு

திறந்ததோடு வேலை முடியவில்லை. சட்டத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். சிறிய கருவிகளை வினிகரில் ஒரு இரவு ஊற வைத்தோம். துரு இளகியது. சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் பூசினோம். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். விஷப் புகை வரும். அளவு பார்க்கும் கருவிகளை வினிகரில் போடாதீர்கள். அளவு கெட்டுவிடும்.

துரு இளக்கும் எண்ணெய் நெடுநாள் நிற்காது. அதனால் அதைத் துடைத்துவிட்டுச் சட்டத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினோம். கிரீஸ் இல்லை என்றால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலும் வழுக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டை மேல் வைத்தோம். மாதம் ஒரு முறை எல்லா இழுப்பறைகளையும் இழுத்து மூடுகிறோம்.

பெரியம்மா எழுதியது

பட்டறை திறப்பதற்கு முந்தின நாள் பெரியம்மா பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். அவர் நம் வகுப்பில்தான் எழுத்துக் கற்றார். ஆறு துண்டுத் தாள் வெட்டினார். ஒவ்வொன்றிலும் எழுதினார். சிவப்புப் பொட்டின் மேல் 'ஸ்பானர்' என்று ஒட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். திருத்த வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். வெள்ளைப் பொட்டின் மேல் 'அளக்க, மரை வெட்ட' என்று ஒட்டினார்.

பிறகு இன்னொரு தாள் எடுத்தார். மூடியின் மேல் ஒட்டுவதற்கு. அதில் இப்படி எழுதினார்: 'முதலில் மூடியைத் தூக்கு. பிறகு இழு.'

அந்த ஒரு வரி பெரியப்பாவின் தலைக்குள் இருந்தது. அவர் போனபோது அதுவும் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வளைந்த தகடும் நான்கு நாளும் செலவாயின. பெரியம்மாவின் செயின் இன்றும் அவர் கழுத்தில் இருக்கிறது.

அன்பானவர்களே! உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஏதாவது இருக்கும். மோட்டாரை எப்படி நிறுத்துவது? எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு? இன்று வீட்டுக்குப் போனதும் அதைக் கேளுங்கள். உங்கள் கையால் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். அந்த இடத்திலேயே ஒட்டுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.